ஓடுவோரின் கணைக்கால் நோவு

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, கொட்டியாரக் குடாவின் நீர் மீண்டும் தெளியத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலை மைதானங்கள் உயிர்பெறுகின்றன. இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான ஆயத்தங்கள் பெரும்பாலும் இப்பருவத்திலேயே நடைபெறுவன. சுண்ணாம்புக் கோடுகள் இடப்படுகின்றன. இல்லக் கொடிகள் தைக்கப்படுகின்றன. மாலை வேளைகளில் மாணவரும் மாணவியரும் அணியணியாக ஓடுகின்றனர். இரண்டு மூன்று வாரங்கள் சென்றதும், அவர்களுள் சிலர் ஓட்டம் முடிந்தபின் ஓரமாக அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே காலின் உட்புறத்தைக் கையால் தடவிக்கொண்டிருப்பதைக் காணலாம். கேட்டால், "ஒன்றுமில்லை சேர், கால் கொஞ்சம் நோகுது" என்பர். மறுநாளும் ஓடுவர், அதற்கு மறுநாளும் ஓடுவர்.

அந்த நோவைப் பற்றியதே இப்பேச்சு. ஆங்கிலத்தில் 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என வழங்கும் இதனைத் தமிழிற் கணைக்கால் நோவு எனலாம். இஃது உயிருக்கு ஆபத்தானதன்று. உரிய காலத்திற் கவனித்தால் முற்றாகத் தீர்வது. ஆயின், மறைத்து வைத்து ஓடினால், ஒரு பருவத்து ஓட்டத்தைக் கெடுப்பதோடு நில்லாது, சிலவேளைகளில் என்பு வெடிக்கும் நிலைக்கும் காலைக் கொண்டுசெல்லக்கூடியது. ஆதலால், ஓடுகின்ற பிள்ளைகள் மட்டுமன்றி, அவர்களை ஓடச் சொல்கின்ற பெரியோரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே இரண்டு என்புகள் உள்ளன. பெருவிரற் பக்கமாக அமைந்து, உடலின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்கி நிற்பது கணைக்கால் உள்ளென்பு. சிறுவிரற் பக்கத்தில் மெலிந்து நிற்பது கணைக்கால் வெளியென்பு. உள்ளென்பின் உட்புற ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தால், தோலுக்கு அடியில் அது கூர்மையாகத் தட்டுப்படும். அவ்வோரத்தின் கீழ்ப்பாதியிலேதான் இந்நோவு தோன்றுகின்றது. என்பை ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கின்றது. நோவை உணரும் நரம்புகள் அவ்வுறையில் மிகுதியாக உண்டு. கெண்டைக்காலின் ஆழத்திலுள்ள தசைகள் அவ்வோரத்தை ஒட்டியே பற்றியிருக்கின்றன. ஒவ்வோர் அடியிலும் தசை உறையை இழுக்கின்றது. என்போ பாரத்தால் மிகச் சிறிதளவு வளைந்து நிமிர்கின்றது. இவ்விரண்டுள் எது நோவுக்கு முதற்காரணம் என்பதில் வைத்தியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், தாங்கும் அளவை மீறிய பாரமே இதற்கு மூலம் என்பதில் ஐயமில்லை.

பாரம் எத்துணை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நிலம் காலைத் திருப்பித் தாக்கும் விசை, உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு வரை இருக்கும். 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவனின் காலில் ஒவ்வோர் அடிக்கும் 100 முதல் 150 கிலோகிராம் வரையான பாரம் விழுகின்றது. அவன் 3 கிலோமீற்றர் ஓடினால், ஏறத்தாழ 3,000 அடிகள். ஒரு காலுக்கு 1,500 அடிகள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம்மவர் பழமொழி. கல்லே தேயுமாயின் என்பு என்ன செய்யும்?

இங்கேதான் கல்லுக்கும் என்புக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பார்க்கவேண்டும். கல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். என்போ உயிருள்ளது, தேய்ந்ததைத் தானே திருத்திக்கொள்வது, மேலும் பாரம் வருமென அறிந்தால் முன்னிலும் உறுதியாகத் தன்னைக் கட்டிக்கொள்வது. ஆனால் அத்திருத்த வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு வீட்டின் பழுதுபட்ட சுவரைத் திருத்தும் மேசன் முதலிற் பழுதான கல்லைப் பெயர்த்தெடுப்பான். பின்னரே புதிய கல்லை வைப்பான். என்பும் அப்படியே. பழுதான பகுதியை அரித்தெடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். புதிதாகக் கட்டி உறுதியாக்கும் வேலைக்கு மாதங்கள் செல்லும். ஆகவே புதிதாகக் கடும் பயிற்சி தொடங்கிய ஒருவரின் கால் மூன்றாம், நான்காம் வாரங்களிற் பெயர்த்த சுவர்போல் நிற்கின்றது. தசையும் மூச்சும் அதற்குள் தேறிவிடுவதால் ஓடுபவர்க்கு உற்சாகம் மிகுகின்றது. மேலும் விரைவாக ஓடலாம் எனத் தோன்றுகின்றது. மூச்சு முந்திக்கொள்கின்றது, என்பு பிந்தி வருகின்றது. அவ்விடைவெளியிலேதான் நோவு பிறக்கின்றது.

இதனை முதன்முதலில் உற்றுநோக்கும் வாய்ப்புப் படைமுகாம்களுக்கே கிடைத்தது. 1855ஆம் ஆண்டிலேயே பிறைத்ஹவுப்ற் என்னும் புருசியப் படை வைத்தியர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி நோவதைப் பதிவுசெய்தார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், 1897இல், அப்பாதங்களில் இருந்தவை என்பு வெடிப்புகள் என்பது தெரியவந்தது. 1958இல் மைக்கேல் டெவாஸ் என்னும் ஆங்கிலேய அறுவை வைத்தியர், ஓட்ட வீரர்களின் கணைக்கால் நோவு எனக் கருதப்பட்ட சிலவற்றின் உள்ளே கணைக்கால் உள்ளென்பின் வெடிப்பு ஒளிந்திருப்பதை எடுத்துக்காட்டினார். 1966இல் அமெரிக்க வைத்தியச் சங்கம், என்பு வெடிப்பையும் குருதியோட்டக் குறைவையும் நீக்கி எஞ்சும் நோவுக்கே கணைக்கால் நோவு என்னும் பெயர் பொருந்தும் என வரையறுத்தது. அவ்வெல்லைக்கோடு இன்றும் பயனுள்ளது.

துறைமுக நகரமாகிய திருகோணமலைக்கு இப்படைமுகாம் வரலாறு அந்நியமானதன்று. பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது; இலங்கைக் கடற்படையின் பயிற்சிக் கலைக்கழகம் 1967 முதல் இங்கே இயங்கிவருகின்றது. வீட்டிலிருந்து நேரே வந்து, புதிய சப்பாத்து அணிந்து, முதல் வாரத்திலேயே அணிநடையும் ஓட்டமும் பயிலும் இளைஞரின் கால்கள் எந்நாட்டிலும் ஒரே வகையான சோதனைக்கு உள்ளாகின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில், படைப்பயிற்சி பெறுவோரிலும் மெய்வல்லுநரிலும் நூற்றுக்கு 4 முதல் 35 பேர் வரை இந்நோவுக்கு ஆளாவது தெரிகின்றது. நோவு கண்டவர் கோழையுமல்லர், பலவீனருமல்லர் என்பதற்கு இதுவே சான்று.

பாடசாலைப் பிள்ளைகளின் நிலையோ இன்னும் கடினமானது. திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களிலேயே பெய்கின்றது. மைதானங்களில் நீர் தேங்கி நிற்க, பிள்ளைகள் வீட்டிலும் வகுப்பறையிலும் அடைந்து கிடக்கின்றனர். மழை ஓய்ந்ததும், போட்டிக்குச் சில வாரங்களே இருக்க, ஓட்டம் ஒருங்கே தொடங்குகின்றது. இரண்டு மூன்று மாதம் சும்மா இருந்த என்பின்மீது மூன்று வாரத்திற் பாரம் முழுவதும் ஏற்றப்படுகின்றது. ஈர நிலமோ நாளுக்கு நாள் காய்ந்து இறுகுகின்றது. மக்கெய்சர் விளையாட்டரங்கிலோ ஏகாம்பரம் மைதானத்திலோ இடம் கிடையாத பிள்ளைகள் தார் வீதியில் ஓடுகின்றனர். உவர்மலைச் சரிவில் இறங்கி ஓடுவது இன்பமாகத் தோன்றினும், இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் உடலைத் தடுத்து நிறுத்தும் வேலை கணைக்காலுக்கே சேர்கின்றது.

கடற்கரை மணல் மென்மையானதாயிற்றே, அங்கு ஓடினால் என்ன என்று சிலர் எண்ணலாம். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் ஓடுவோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளல் நன்று. உலர்ந்த மணலிற் குதிக்கால் புதைவதால் கெண்டைத்தசை கூடுதலாகப் பாடுபட நேர்கின்றது. நீரோரத்து ஈரமணலோ சரிந்திருப்பதால் ஒரு கால் மேட்டிலும் மறுகால் பள்ளத்திலும் பதிகின்றன. சிறிது தூரம் ஓடித் திரும்பி வந்தால் அச்சரிவு இரு கால்களுக்கும் சமனாகும். பழகாதவர் மணலில் ஒரே நாளில் நெடுந்தூரம் ஓடுதல் ஆகாது.

நிலத்தையும் பருவத்தையும் தவிர, ஆளுக்கு ஆள் வேறுபடும் காரணங்களும் உள. முன்னர் ஒருமுறை இந்நோவு கண்டவர்க்கு மீண்டும் வருதல் எளிது. உள்ளங்கால் வளைவு தாழ்ந்து தட்டையாகப் பதிபவர், ஓட்டத்திற் புதியவர், உடற்பருமன் மிக்கவர் ஆகியோர்க்கும் வாய்ப்பு அதிகம். மாணவர்களைவிட மாணவியர்க்கே இது கூடுதலாக வருவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. போதிய உணவின்றி ஓடும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறுமாயின், அதனை வெட்கத்துக்குரிய செய்தியாக மறைத்தல் கூடாது. என்பு வலுவிழந்து வருவதை அறிவிக்கும் மணியோசை அது. தாய்மாரும் ஆசிரியைமாரும் செவிகொடுக்க வேண்டியது.

இனி, நோவை இனங்காணும் வகை. சாதாரணக் கணைக்கால் நோவு ஒரு புள்ளியில் நில்லாது. என்பின் உட்புற ஓரத்தில் 5 சென்றிமீற்றருக்கும் மேலாகப் பரந்திருக்கும். தொடக்க நாள்களில் ஓட்டத்தின் ஆரம்பத்தில் நொந்து, உடம்பு சூடேறியதும் மறைந்து, ஓய்ந்த பின்னர் மீண்டும் தலைகாட்டும். இம்மறைவே பலரை ஏமாற்றுகின்றது. நாள் செல்லச் செல்ல, ஓட்டம் முழுவதும் நோகும். பின்னர் நடக்கையிலும் நோகும்.

விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்திற் கடுமையாக நொந்தாலோ, அவ்விடம் வீங்கினாலோ, இரவில் படுத்திருக்கையிலும் நோவு நீங்காவிட்டாலோ, அக்காலில் மட்டும் நின்று துள்ள முடியாவிட்டாலோ, என்பு வெடித்திருக்கக்கூடும் என ஐயுறல் வேண்டும். உடனே ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுதலே கடன். வெடிப்பு ஏற்பட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றும் தெரியாதிருத்தல் உண்டு. "படத்தில் ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டு மறுநாளே மைதானத்துக்குத் திரும்புதல் தவறு. நோவு நீடித்தால் மீண்டும் காட்டவேண்டும். வேறொரு நிலையும் உண்டு. ஓடும்போது காலின் தசை கல்லாக இறுகி, பாதம் விறைத்து, விரல்கள் தொங்கி, ஓய்ந்ததும் சிறிது நேரத்தில் யாவும் நீங்குமாயின், அது தசையறைக்குள் அழுத்தம் ஏறுவதாலாகும். அதுவும் வைத்தியர் பார்க்கவேண்டியதே.

சாதாரண நோவுக்கு முதல் மருந்து ஓய்வு. ஓய்வு என்றதும் பாயிற் படுத்துக்கொள்வது எனப் பொருள்கொள்ள வேண்டியதில்லை. நோவைத் தருகின்ற ஓட்டத்தையும் துள்ளலையும் நிறுத்தி, நோவைத் தராத வேலைகளால் உடலைப் பேணுதலே இங்குக் கருதப்படும் ஓய்வு. துவிச்சக்கர வண்டி ஓட்டுதலும் நீந்துதலும் மூச்சின் வலுவைக் காப்பன, கணைக்காலை அடிக்காதவை. கடல் அமைதியாக உள்ள காலத்தில், பெரியோர் துணையுடன், மார்பளவு நீரில் நடப்பதும் மெல்ல ஓடுவதும் நற்பயிற்சி. நீர் உடலைத் தாங்குவதால் காலின் பாரம் பெரிதும் குறைகின்றது. உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைத் தன் வாயிலிற் கொண்ட ஊரில் நீருக்கு என்ன பஞ்சம்?

ஓட்டம் முடிந்தபின் நொந்த இடத்தில், துணியிற் சுற்றிய ஐஸ்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வரை வைத்தால் நோவு தணியும். ஐஸ்கட்டியை நேரே தோலில் வைத்தல் ஆகாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடினால் இறுகிய தசை தளர்ந்து இதம் உண்டாகும், அதிற் கேடொன்றுமில்லை. ஆனால் குளிரும் வெப்பமும் நோவை ஆற்றுவனவே தவிர, என்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் காலத்தைச் சுருக்குவனவல்ல. தைலம் பூசுவதும் அவ்வாறே. என்பு வெடித்திருக்கலாம் என்னும் ஐயம் இருக்கையில், நொந்த இடத்தை அழுத்தி உருவுதலும் திருகுதலும் கூடாது.

நோவு நீக்கும் மாத்திரைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மாத்திரை விழுங்கி ஓடுபவர், வீட்டில் தீப்பற்றியபோது எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்தவருக்கு ஒப்பாவார். மழைக்காலத்தை ஒட்டி டெங்குக் காய்ச்சல் பரவும் இடங்களில் ஆபத்து இன்னும் பெரிது. காய்ச்சலுடன் இருக்கையில் இபுபுரூபன், அஸ்பிரின், டைகுளோபினக் போன்ற மாத்திரைகளை உட்கொண்டால் குருதிப்பெருக்கு ஏற்படக்கூடும். வைத்தியர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தல் தகாது.

நோவு தணிந்தபின் கால்களை உறுதியாக்குதல் வேண்டும். படியின் ஓரத்தில் முன்பாதத்தை வைத்து, குதிக்கால்களை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சி கெண்டைத்தசைக்கு வலுவூட்டும். முதலில் இரு காலாலும், பின்னர் ஒரு காலாலும் செய்யலாம். அரைமணி நேரம் வேகமாக நடந்தும் நோவு தோன்றாதிருந்தால், மெல்லோட்டத்தைத் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, ஒருநாள் விட்டு ஒருநாள், சிறிது சிறிதாக ஓட்டத்தைக் கூட்டுதல் நலம். நோவு திரும்பினால் ஒரு படி கீழிறங்க வேண்டும். சிலர்க்குச் சில வாரங்களிற் குணமாகும்; சிலர்க்கு மூன்று நான்கு மாதங்களும் செல்லும். காலம் தாழ்த்தி ஓய்வெடுத்தவர்க்கே பெரும்பாலும் காலம் நீளுகின்றது.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. மழை மாதங்களைச் சும்மா கழியவிடாமையே முதற்படி. மண்டபத்திலும் தாழ்வாரத்திலும் நாள்தோறும் சில நிமிடம் கயிறடித்தல், படியேறுதல், குதிக்கால் உயர்த்துதல் என்பவற்றைச் செய்துவந்தால், தை பிறக்கும்போது என்பு ஆயத்தமாக இருக்கும். ஒரு வாரத்து ஓட்டத்தைவிட அடுத்த வாரத்து ஓட்டம் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பயிற்றுநர் பலர் கையாளும் வழக்கம். அஃது ஆய்வு நிறுவிய விதியன்று. ஆயினும் அவசரக்காரரைத் தடுத்து நிறுத்தும் நல்ல கடிவாளம். கடும் பயிற்சி செய்த நாளை அடுத்து இலேசான நாள் வருதல் வேண்டும். ஓடுமுன் தசைகளை நீட்டி இழுத்தால் நோவு வாராது எனப் பலர் நம்புகின்றனர். ஆஸ்திரேலியப் படைப்பயிற்சியாளர் 1,538 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, நீட்டிப் பயின்றவர்க்கும் பயிலாதவர்க்கும் கால்காயங்களிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டது. மெல்லோட்டத்தால் உடலைச் சூடேற்றுவது நல்லதே. ஆனால் அது பாரத்தின் கணக்கை மாற்றிவிடாது.

அடி தேய்ந்து சாய்ந்த சப்பாத்தை மாற்றவேண்டும். அதிர்ச்சியைத் தாங்கும் உள்தகடுகள் சிலர்க்கு உதவக்கூடும். வெறுங்காலுடன் ஓடிப் பழகிய பிள்ளை திடீரெனச் சப்பாத்துக்கு மாறுவதும், சப்பாத்துக்குப் பழகியவர் திடீரென வெறுங்காலுக்கு மாறுவதும் ஒருபோலப் படிப்படியாகவே நிகழவேண்டும். உணவில் நெத்தலி போன்ற சிறுமீன், குரக்கன், எள், கீரை, எருமைத் தயிர் என்பன என்புக்கு ஆக்கம் தருவன. இவற்றுள் எதுவும் எட்டாத பொருளன்று.

இவை யாவும் அறிந்திருந்தும் பிள்ளைகள் ஏன் நோவை மறைக்கின்றனர்? அணியிலிருந்து பெயர் நீக்கப்படும் என்ற அச்சம் ஒன்று, இல்லத்துக்குப் புள்ளிகள் குறையுமே என்ற கவலை மற்றொன்று, "இவ்வளவுக்கும் தாங்கமாட்டாயா?" என்ற சொல்லுக்கு நாணுதல் இன்னொன்று. நோவைத் தாங்குதலே வீரம் என நாம் கற்பித்துவிட்டோமானால், சொல்லவேண்டிய பிள்ளை சொல்லமாட்டாது. எனவே விளையாட்டுப் பொறுப்பாசிரியர், பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் "நேற்றிரவு கால் நொந்ததா?" என்று கேட்பாராயின், அவ்வொரு வினா பல எக்ஸ்-கதிர்ப் படங்களை மிச்சப்படுத்தும். உண்மை சொன்ன பிள்ளையை அணியிலிருந்து தள்ளிவிடாது, அன்றைய ஓட்டத்தை மட்டும் குறைத்துக் கொடுத்தால், அடுத்த பிள்ளையும் உண்மை சொல்லும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராக விளங்கிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்ந்தார். ஆனால் இலங்கைக்கு அவர் ஆசியத் தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தது 1958இல், தோக்கியோவிலே. முதல் ஒலிம்பிக்குக்கும் அத்தங்கத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள் உள்ளன. மெய்வல்லுநரின் வெற்றி ஆண்டுகளால் அளக்கப்படுவது. அதுவரை அவரைச் சுமந்து செல்லவேண்டியவை அவருடைய கால்களே. ஓர் இல்ல விளையாட்டுப் போட்டியின் சில புள்ளிகளுக்காகப் பதினைந்து வயதுப் பிள்ளையின் என்பைச் செலவழித்துவிட்டால், அப்பிள்ளையின் பத்தொன்பதாம் வயது ஓட்டத்தை எவரும் காணமாட்டார். இவ்வாண்டு ஒரு போட்டியில் ஓடாது அமர்ந்திருக்கும் பிள்ளை, அடுத்த ஆண்டு நோவின்றி ஓடட்டும்.